பத்துக்குப் பத்து அறையில் கண்ணுக்கு எவ்வளவு இடம்?

மும்பையில் வீட்டைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் சதுர அடியில் வந்து நின்றுவிடும். மாட்டுங்காவில் பழைய கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறதென்றால், இருக்கிற பரப்புக்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி. செம்பூரிலோ முலுண்டிலோ டோம்பிவிலியிலோ புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது கார்ப்பெட், அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு, எவ்வளவு என்பதை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் அங்கேயே மறுவீடு பெறத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்டிருப்பதும் 350 சதுர அடி என்ற ஓர் எண்தான். வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்கு வரையறை தந்திருப்பதால் இந்த எண்ணை ஓரளவு நம்பிப் பேச முடிகிறது. வெளிச்சுவர்களின் பருமன், குழாய்கள் செல்லும் டக்ட், பால்கனி, திறந்த மாடி ஆகியவை அந்தக் கணக்கில் சேரா. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் நிற்கும் இடம் சேரும். ஆனால் ஒரே கட்டடத்தில், ஒரே வரைபடப்படி, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு வீடுகளுக்குள் அடுத்தடுத்து நுழைகிறவருக்கு, ஒன்று தாராளமாகவும் மற்றது மூச்சு முட்டுவதாகவும் தோன்றுவதை எந்தச் சதுர அடிக் கணக்கும் விளக்குவதில்லை.

சாமான்களைக் குறைத்தால் அறை பெரிதாகத் தெரியும் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஐந்து பேர் வாழும் 300 சதுர அடி வீட்டில் அதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பீரோவும் கட்டிலும் ஃபிரிட்ஜும் தையல் இயந்திரமும் அங்கே இருந்தே தீரும். அந்த அறிவுரை முழு உண்மையும் அல்ல. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்களான ஃபான் காஸ்டெல், ஓபர்ஃபெல்ட், ஹெக்ட் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அளவு குறைத்துச் செய்த மாதிரி அறைகளைக் காலியாகவும் சாமான்களோடும் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். சாமான்கள் இருந்த அறைகள் காலி அறைகளைவிட உயரமானவையாகவும், அதே சமயம் விசாலம் குறைந்தவையாகவும் மதிப்பிடப்பட்டன. ஆக, அறையின் அளவு என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடுவது கண்ணைப் பொறுத்தவரை ஒரே பொருள் அல்ல. உயரம், அகலம், எதிர்ச்சுவரின் தூரம், தாராளம் என்ற உணர்வு ஆகியவை தனித்தனி மதிப்பீடுகள். ஒரு சாமான் ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைக்கவும் கூடும். எத்தனை சாமான்கள் இருக்கின்றன என்பதைவிட, வாசலுக்கும் சன்னலுக்கும் இடையில் எது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே முக்கியம் என்பதை மும்பையின் சிறிய அறைகளைப் போல வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது.

தரை சொல்லும் கணக்கு

தூரத்தை நாம் வெட்டவெளியில் மிதக்கும் ஒன்றாக அளப்பதில்லை. தரையை வைத்தே அளக்கிறோம் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்ஸன் 1950-இலேயே வற்புறுத்தினார். காலடியிலிருந்து எதிர்ச்சுவர் வரை தொடர்ச்சியாக ஓடும் தரை, தன் கட்டங்களும் கோடுகளும் தொலைவில் சிறுத்துக்கொண்டே போவதன் மூலம் தூரத்தை அறிவிக்கிறது. 1998-இல் ‘நேச்சர்’ இதழில் சினாய், ஊய், ஹீ ஆகிய மூவர் வெளியிட்ட சோதனைகள் இதற்கு வலுச்சேர்த்தன. சீரான தரையில் தூரத்தைச் சரியாகக் கணித்தவர்களே, தரையின் பரப்பு நடுவில் வேறொன்றாக மாறியபோது தூரத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள். நடுவில் பள்ளம் குறுக்கிட்டபோது கூட்டி மதிப்பிட்டார்கள். அவர்களுடைய சோதனைகள் சில மீட்டர் தூரங்களை வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே பத்தடி ஹாலுக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் ஹாலில் ஒரு டைல்ஸ், பால்கனியை உள்ளே சேர்த்த பகுதியில் இன்னொரு டைல்ஸ், சமையலறை வாசலில் கருப்பு கிரானைட் பட்டை என்று தரையைத் துண்டு போட்டுவிட்டு, பால்கனியை உள்ளே சேர்த்தும் ஹால் பெரிதாகத் தெரியவில்லையே என்று வருந்தும் வீடுகளைப் பார்க்கும்போது இந்த முடிவு நினைவுக்கு வராமல் போவதில்லை.

பால்கனியை மூடி ஹாலோடு சேர்ப்பது மும்பையில் பரவலான வழக்கம் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்லலாம். பழைய ஃபிளாட்களில் அப்படிச் சேர்க்கும்போது தரைக்கு மூன்றடியோ நான்கடியோ கிடைக்கிறது. ஆனால் பழைய சுவர் இருந்த இடத்தில் மேலே பீம் இறங்கி நிற்கிறது, கீழே தரை மட்டம் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ மாறுகிறது. மேலும் கீழும் இரண்டு கோடுகள் இருந்தால் கண் அங்கே ஒரு சுவரைக் கற்பித்துக்கொள்கிறது. பலர் அந்த பீமின் கீழேயே திரைச்சீலையைத் தொங்கவிடுகிறார்கள். அது அந்தக் கற்பனைச் சுவருக்குத் துணிபோட்டு உறுதிசெய்வதற்கு ஒப்பாகும். திரைச்சீலையை வெளிச் சன்னலுக்குக் கொண்டுபோய், தரை மட்டத்தைச் சமன் செய்து, ஒரே டைல்ஸை வாசலிலிருந்து கிரில் வரை ஓடவிட்டால், பீம் இருந்தாலும் அறை அதைத் தாண்டிப் போகும். பீமை அகற்ற நினைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது கட்டடத்தைத் தாங்குவது.

தரை எவ்வளவு பரப்பு காலியாக இருக்கிறது என்பதைவிட, அதன் விளிம்புகள் எவ்வளவு தெரிகின்றன என்பது முக்கியம். சுவரும் தரையும் சேரும் கோடு கண்ணில் பட்டால் சுவர் எங்கே இருக்கிறது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடுகிறது. அந்தக் கோட்டைச் சோஃபா மறைத்தால், கண்ணுக்கு அறை சோஃபாவின் முன்விளிம்பிலேயே முடிந்துபோகிறது. மூன்றடி ஆழமுள்ள சோஃபா பத்தடி அகல ஹாலில் மூன்றடியைத் தின்றுவிடுவது இப்படித்தான். ஐந்தாறு அங்குலக் கால்களின்மேல் நிற்கும் சோஃபாவின் அடியில் தரை தெரிவதால் இழப்பு சற்றுக் குறைகிறது. மூலைகளுக்கும் இதே விதிதான்: எதிர்ச்சுவரின் இரண்டு மூலைகளில் ஒன்றாவது தரையிலிருந்து கூரை வரை மறைக்கப்படாமல் தெரியும் அறை, தன் முழு நீளத்தையும் காட்டிவிடுகிறது. எதிர்மூலையில் பீரோவையும் அதன்மேல் இரண்டு சூட்கேஸ்களையும் அடுக்கியிருக்கும் அறையால் அது முடியாது.

ஓர் இடத்தில் நின்றபடி கண்ணுக்கு எட்டும் வெளி முழுவதையும் ஓர் உருவமாக வரைந்து அளக்கும் முறையை மைக்கேல் பெனடிக்ட் 1979-இல் கட்டடவியலுக்குள் கொண்டுவந்தார். வீட்டில் அதைக் கணினியில்லாமலே செய்து பார்க்கலாம். வாசற்படியில் நின்று, பார்வை எந்தெந்தச் சாமானில் முட்டி நிற்கிறது என்று கவனித்தால் போதும். 10 அடி அகலமும் 18 அடி நீளமும் உள்ள ஹாலின் மூலைவிட்டம் இருபதரை அடிக்குச் சற்று மேல். வாசல் ஒரு மூலையிலும் சன்னல் எதிர்மூலையிலும் இருந்தால், அந்த மூலைவிட்டத்தில் குறுக்கே எதுவும் நிற்காதவரை, வீட்டுக்கு வருகிறவர் முதலில் காண்பது இருபதடி வீடு. இப்போது கடைகளில் அதிகம் விற்கும் எல் வடிவ சோஃபாவின் நீட்டிய கை பெரும்பாலும் இந்த மூலைவிட்டத்தில்தான் வந்து விழுகிறது.

அறையின் உருவமே கண்ணின் கணக்கை மாற்றும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஒரே பரப்பளவுள்ள அறைகளில் சதுரமானதைவிட நீள்சதுரமானது பெரிதாக மதிப்பிடப்படுகிறது என்று சடல்லாவும் ஆக்ஸ்லியும் 1984-இல் காட்டினார்கள். பத்துக்குப் பத்து படுக்கையறையில் ஒரு சுவர் முழுவதையும் தரையிலிருந்து கூரைவரை இரண்டடி ஆழ அலமாரியாக்கிவிட்டால் எஞ்சுவது எட்டுக்குப் பத்து. பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் கண்ணுக்கு அவ்வளவு போனதாகத் தோன்றுவதில்லை என்பது என் கணிப்பு. நீள்சதுரமாகிவிட்டது ஒரு காரணம். அலமாரியின் கதவுகள் சுவரைப் போலவே ஒரே தளமாக, ஒரே நிறமாக நின்று, தனிச் சாமானாகத் தெரியாமல் போவது இன்னொரு காரணம்.

உட்கார்ந்திருப்பவரின் அறை

அறை அலங்காரப் படங்களையெல்லாம் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ பார்ப்பவரின் கண்மட்டத்தில் எடுக்கிறார்கள். நம் வீடுகளில் பாதி நேரம் வாழ்க்கை தரையில் நடக்கிறது: சாப்பாடு, காய்கறி நறுக்குவது, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், வெள்ளிக்கிழமைப் பூசை, வந்த உறவினரோடு பேச்சு. நிற்கும்போது தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் இருக்கும் கண், சோஃபாவில் அமரும்போது மூன்றே முக்கால் அடிக்கும், தரையில் சம்மணமிட்டு அமரும்போது இரண்டரை அடிக்கும் இறங்கிவிடுகிறது. ஒரே அறை இந்த மூன்று நிலைகளிலும் மூன்று வேறு அறைகளாகத் தெரிவதை வடிவமைப்பாளர்கள் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை.

தரையில் அமர்ந்தவருக்குக் கூரை இரண்டரை அடி உயர்ந்துவிடுகிறது. ஒன்பதடி உயரமுள்ள அறை அவருக்குத் தாழ்வாகத் தோன்ற வழியே இல்லை. ஆனால் அதே அளவுக்குச் சாமான்களும் வளர்ந்துவிடுகின்றன. சாப்பாட்டு மேசையின் வழக்கமான உயரம் 30 அங்குலம், அதாவது சரியாக அந்தக் கண்மட்டம். மேசையின் மேற்பரப்பு ஒரு கோடாகச் சுருங்கி, அதன் கால்களும் நாற்காலிகளின் கால்களும் மட்டும் காடாகத் தெரிகின்றன. சோஃபாவின் முதுகு பார்வைக்குச் சுவராகிறது. ஒன்றரை அடி உயரத் திவானோ, முதுகில்லாத பெஞ்சோ, மடித்துச் சுவரில் சாய்த்து வைக்கும் மேசையோ அப்படி மறிப்பதில்லை. தரைப் புழக்கம் அதிகமுள்ள வீட்டில் மூன்று பேர் சோஃபா, இரண்டு ஒற்றை சோஃபாக்கள், நடுவில் டீப்பாய் என்ற செட் ஏன் ஒருபோதும் ஒட்டாமல் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கண்மட்டத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றை அறைகளை வரிசையாகக் கட்டிய பழைய சால் குடியிருப்புகளின் அறிவு புலப்படும். 1920-களில் பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் ஒர்லியிலும் நைகாவிலும் கட்டிய பி.டி.டி. சால்களில் ஒரு கோலியின், அதாவது அறையின், பரப்பு 160 சதுர அடி. சில கோலிகளில் பத்துப் பேர்கூட இருந்திருக்கிறார்கள். தாராவியில் தோல் பதனிடும் வேலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பங்களின் அறைகள் பல அதைவிடச் சிறியவை. அந்த அறைகளில் நடு எப்போதும் காலியாக இருக்கும். பாயும் தலையணையும் காலையில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும்; ஒரு மூலையில் குளிக்கவும் கழுவவும் மோரி, அதன் அருகே தண்ணீர் டிரம்; பாத்திரங்கள் தலைக்கு மேல் ஓடும் பலகையில்; பண்டிகைக்கு மட்டும் எடுப்பவை மராத்திக்காரர்கள் போட்மாலா என்று சொல்லும் மரத்தட்டில். ஆக, சாமான்கள் இடுப்புக்குக் கீழேயோ தலைக்கு மேலேயோ இருந்தன. தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் ஓடும் உயரத்தில் சுவர் வெறுமையாக இருந்தது. வறுமையை அழகாக்கிப் பேசுவது இதன் நோக்கமல்ல. அந்த நெருக்கடியில் யாரும் விரும்பி இருக்கவில்லை. ஆனால் அங்கிருந்து குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின் 225 சதுர அடிக்கும், பின்னர் 269-க்கும், இப்போது 300-க்கும் மாறியவர்கள், பரப்பு கூடியும் வீடு சிறியதாகிவிட்டது என்று சொல்வதுண்டு. தனிக் கழிவறையும் சமையலறையும் அந்த எண்ணுக்குள் பிரிந்துபோவதும் உயரமான பரண் இல்லாமல் போவதும் முதற்காரணங்கள். புது வீடு என்பதற்காக வாங்கிய கட்டிலும் சோஃபாவும் நடுத்தரையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்வது அடுத்த காரணம்.

நவராத்திரிக் கொலுவிலும் இதே பாடம் இருக்கிறது. ஐந்து படி வைத்தால் பத்தடி ஹாலில் நான்கடிக்கு மேல் போய்விடும். அவ்வளவு இடத்தைப் பிடித்தும் கொலு ஒரு பீரோவைப் போல அறையை அடைப்பதில்லை, ஏனெனில் முன்படி தாழ்ந்தும் பின்படி உயர்ந்தும் இருப்பதால் பார்வை சரிவில் ஏறி எதிர்ச்சுவரைச் சென்று சேர்கிறது. அருகே தாழ்ந்தவை, தொலைவில் உயர்ந்தவை என்ற இந்த வரிசை ஆண்டு முழுவதும் சாமான்களுக்கும் பொருந்தும். உயரத்தில் மிஞ்சிய ஃபிரிட்ஜையும் பீரோவையும் எதிர்ச்சுவரில் வைக்க முடியாவிட்டால், அவற்றுக்கு ஏற்ற இடம் வாசல் இருக்கும் சுவரே. உள்ளே வருகிறவரின் முதுகுப் பக்கம் நிற்பதால் முதற்பார்வையில் அவை இருப்பதே தெரியாது.

கால்களுக்கு வேண்டிய இடம்

கண்ணுக்குத் தெரியும் இடமும் உடல் நடமாடும் இடமும் வேறு வேறு; ஆனால் ஒன்றில் ஏற்படும் நெருக்கடி மற்றதில் எதிரொலிக்கும். வாரனும் வாங்கும் 1987-இல் நடத்திய சோதனையில், ஓர் இடைவெளி தோளின் அகலத்தைப் போல் 1.3 மடங்குக்குக் குறைந்தபோது மக்கள் தோளைத் திருப்பிக்கொண்டு நுழையத் தொடங்கினார்கள். தோளகலம் 45 செ.மீ. என்று கொண்டால் இது 58 செ.மீ.யைச் சற்றே தாண்டும், ஏறக்குறைய இரண்டடி. நடைபாதைக்கு இரண்டடியாவது விடுங்கள் என்று தச்சு வேலை செய்யும் மிஸ்திரிகள் பழக்கத்தில் சொல்வதும் அதே அளவுதான். தினமும் பலமுறை ஒருக்களித்து நடக்க வைக்கும் அறையை, எவ்வளவு வெள்ளையடித்தாலும், யாரும் பெரிய அறை என்று உணரமாட்டார்கள். இரண்டு பக்கமும் தோளுயரத்துக்கு மேல் சாமான் இருந்தால்தான் இந்த அளவு கண்டிப்பானது. ஒரு பக்கம் பீரோவும் மறுபக்கம் முழங்கால் உயரக் கட்டிலும் என்றால் கொஞ்சம் குறைந்தாலும் உடல் பொறுத்துக்கொள்ளும்.

மேலே சொன்ன எட்டுக்குப் பத்து படுக்கையறையையே எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குயீன் சைஸ் கட்டில் ஐந்தடிக்கு ஆறரை அடி. தலைமாட்டை எட்டடிச் சுவரில் நடுவாக வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி எஞ்சும். அந்த ஒன்றரை அடியில் மனிதரும் நேராக நடக்க முடியாது, அலமாரியின் ஷட்டரும் முழுதாகத் திறக்காது. இரண்டு பக்கமும் சேர்ந்து மூன்றடி தரை எதற்கும் பயன்படாமல் இரண்டு கீற்றுகளாகக் கிடக்கும். கட்டிலை அலமாரிக்கு எதிர்ப்பக்கச் சுவரோடு ஒட்டிவிட்டால் அதே மூன்றடி ஒரே பட்டையாகி, வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரை தொடர்ந்து ஓடும். கால்மாட்டிலும் மூன்றரை அடி இருக்கும். அறையின் பரப்பில் ஓர் அங்குலமும் கூடவில்லை, ஆனால் கண்ணுக்கும் காலுக்கும் சேர்த்து இடம் பிறந்துவிட்டது. கட்டிலை நடுவில் வைத்து இருபுறமும் சிறு மேசைகள் போடுவது ஹோட்டல் அறைகளைப் பார்த்து வந்த வழக்கம். பதினான்கு அடி அறைக்கு அது சரி. சுவரோரம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டி வர வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் உண்மையான குறை. ஆகையால் வீட்டுப் பெரியவர்களின் அறையில் இதைச் செய்வதற்குமுன் யோசிக்க வேண்டும்.

ஒட்டும் சுவர் எது என்பதும் மும்பையில் கேட்க வேண்டிய கேள்வி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அடிக்கும் வெளிச்சுவரில் ஈரம் ஊறும்; அதில் கட்டிலையோ பீரோவையோ ஒட்டி வைத்தால் பின்னால் பூஞ்சை பிடித்து, மெத்தை வரை நாறும். உட்சுவரோடு ஒட்டுவதே நல்லது. வேறு வழியில்லையென்றால் மூன்று நான்கு அங்குலம் விட்டு வைக்கலாம். அந்தச் சிறு இடைவெளி கண்ணுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை.

அடியில் தரை தெரியும் கட்டிலா, பெட்டி வைத்த கட்டிலா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. கதவை மூடிக்கொள்ளும் படுக்கையறையில் பெட்டிக் கட்டிலே இலாபம். ஆறரை அடிக்கு ஐந்தடி பரப்பில் ஓரடி உயரம் என்றால்கூட ஒரு பீரோவில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் அதற்குள் போய்விடும், அந்தப் பீரோ அறையிலிருந்து வெளியேறும். ஒரே அறையும் சமையலறையும் மட்டும் உள்ள வீட்டில், கட்டிலே ஹாலின் நடுவில் கண்ணில் படுவதால், கால் வைத்த கட்டிலையும் அதன் அடியில் தள்ளி வைக்கும் இன்னொரு தாழ்ந்த கட்டிலையும் தேர்ந்தெடுப்பதே மேல். இரண்டையும் செய்யப் பார்த்து, கால் வைத்த கட்டிலின் அடியில் அட்டைப் பெட்டிகளைத் திணித்து வைத்தால் இரண்டு பயனும் போகும்.

நிறமும் வெளிச்சமும்

கூரையை வெள்ளையாகவும் சுவரை அதைவிட அடர்ந்த நிறத்திலும் அடித்தால் அந்த மாறுபாட்டால் கூரை உயர்ந்து தெரியும் என்பது பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் அறிவுரை. ஓபர்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் இதைச் சோதித்தபோது மாறுபாட்டுக்கு அப்படியொரு பங்கு கிடைக்கவில்லை. கூரை வெளிறியிருந்தால் உயரம் கூடித் தெரிந்தது. சுவர் வெளிறியிருந்தாலும் கூடித் தெரிந்தது. இரண்டும் வெளிறியிருந்தால் இரண்டு விளைவுகளும் கூடின. தரையின் நிறம் உயரத்தைப் பாதிக்கவில்லை. எனவே கருத்த கோட்டா கல் பாவிய பழைய வீட்டில், அதை உடைத்து வெள்ளை டைல்ஸ் போட்டால் கூரை உயரும் என்று எதிர்பார்த்துச் செலவு செய்ய வேண்டியதில்லை. செங்குத்துக் கோடுகள் போட்ட வால்பேப்பர் சுவரை உயர்த்திக் காட்டும் என்பதும் இதுபோன்ற ஒன்று. கிடைக்கோடுகளால் நிரப்பிய சதுரம்தான் உயர்ந்து தெரிகிறது, செங்குத்துக் கோடுகளால் நிரப்பியது அகன்று தெரிகிறது என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.

நிறத்தைவிட வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதில் கவனம் செலுத்துவது பயனுள்ளது. ஒரே டியூப்லைட்டை ஒரு சுவரின் நடுவில் மாட்டினால், அறையின் நடு பளிச்சென்றும் எதிர்மூலைகள் மங்கலாகவும் இருக்கும். மூலை தெரியாத அறை இரவில் சுருங்கிவிடும். அதே மின்சாரத்தில் இரண்டு சிறு விளக்குகளை எதிரெதிர் மூலைகளின் சுவரை நோக்கித் திருப்பி வைத்தால் விளிம்புகள் வெளிவரும். இதற்காக அறை முழுவதும் ஃபால்ஸ் சீலிங் போடுவது எனக்கு உடன்பாடில்லாத செலவு. வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் வழக்கமான அளவு, ஏ.சி. அறைகளில் ஃபால்ஸ் சீலிங்கின் அடி வரை 2.4 மீட்டர் இருந்தால் போதும் என்று அது அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக ஏற்கெனவே ஒன்பதடியே உள்ள கூரையில் அரையடியை இழப்பதில் பொருளில்லை. ஏ.சி. குழாயை மறைக்க ஓர் ஓரத்தில் மட்டும் பட்டையாகப் போட்டுக்கொள்ளலாம்.

சன்னலின் திரைச்சீலைக் கம்பியைச் சட்டத்தின் மேலேயே மாட்டாமல் கூரைக்கு அருகே மாட்டி, இருபுறமும் ஆறேழு அங்குலம் சுவர்மேல் நீட்டினால், ஒதுக்கிய திரை கண்ணாடியை மறைக்காது. சன்னலுக்கு வெளியே நீட்டிய கிரில் பெட்டியில் துளசித் தொட்டி இருக்கட்டும். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும் காலி டப்பாக்களும் அங்கே இருந்தால் பார்வை வெளியே போகாமல் திரும்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொறுத்தவரை இயற்பியல் எளிது: எதிரில் இருப்பது எவ்வளவு தொலைவோ, பிம்பமும் கண்ணாடிக்குப் பின்னால் அவ்வளவு தொலைவில் தெரியும். ஆகவே சன்னலுக்கு எதிரே வைத்தால் இரண்டாவது சன்னல் கிடைக்கும். பீரோவுக்கு எதிரே வைத்தால் இரண்டாவது பீரோ கிடைக்கும். வாசலுக்கு நேர் எதிரிலும் கட்டிலுக்கு எதிரிலும் கண்ணாடி கூடாது என்று வாஸ்து பார்க்கும் வீடுகளில், சன்னலை ஒட்டிய பக்கச்சுவர் நல்ல இடம். வெளிச்சம் சாய்வாக விழுந்து உள்ளே பரவும், யாருக்கும் மனக்குறையும் இராது.

வாங்குவதற்கு முன்

இத்தனை உத்திகளையும் பில்டர்கள் நன்றாக அறிவார்கள். சேல்ஸ் ஆஃபீஸில் காட்டும் சாம்பிள் ஃபிளாட்களில் உள்கதவுகளை எடுத்துவிடுவது, சுவருக்குப் பதில் கண்ணாடித் தடுப்பு வைப்பது, வழக்கமான அளவைவிடச் சிறிதாகச் செய்த கட்டிலையும் சோஃபாவையும் போடுவது ஆகியவை நடப்பதுண்டு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், அரிசி டிரம், மாவரைக்கும் கிரைண்டர் ஆகியவை அங்கே பெரும்பாலும் இடம்பெறா. எனவே அங்கே போகும்போது கையில் டேப் இருக்க வேண்டும். அளக்க வேண்டியது அறையை மட்டுமல்ல, கட்டிலையும்தான். நீளம் ஆறரை அடிக்குக் குறைந்தால் அந்த அறையின் தோற்றத்தை அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். கதவு திறக்கும் திசையையும் பார்க்க வேண்டும். இரண்டரை அடிக் கதவு உள்ளே திறந்தால் அந்த வளைவுக்குள் எந்தச் சாமானும் நிற்க முடியாது.

சாமான் வாங்கும்போதும் இதே முறைதான். கடையின் ஷோரூம் பெரிய கூடம். அங்கே எந்த சோஃபாவும் அளவாகவே தோன்றும். அதன் நீள அகலத்தைக் குறித்து வந்து, வீட்டுத் தரையில் பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்குப் பரப்பி, இரண்டு நாள் அப்படியே விட்டு நடமாடிப் பார்த்தால், எந்த இடத்தில் கால் தாளை மிதிக்கிறது என்பது தெரிந்துவிடும். மிதிபடும் பக்கத்தில்தான் சோஃபா குறுகலாக இருக்க வேண்டும். உயரத்தைப் பார்க்க, சோஃபாவின் முதுகு வரும் மட்டத்தில் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மேல் ஒரு புடவையைத் தொங்கவிட்டு, தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்து கடைசியில் பணம் கட்டுவதற்கு முன் அளக்க வேண்டியது கட்டடத்தின் லிஃப்ட் கதவையும் மாடிப்படி திரும்பும் இடத்தையும். மாட்டுங்கா, சயான் பக்கத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்டுக்குள் நான்கு பேர் நிற்பதே பெரிது. அங்கே கழற்றிப் பூட்ட முடியாத ஏழடி சோஃபாவும் ஒற்றைத் துண்டாகச் செய்த அலமாரியும் கீழ்த்தளத்திலேயே நின்றுவிடும்.